நாகஜோதியின் கீபோர்டு

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு நாகஜோதி கம்ப்யூட்டரைப் போட்டு, வலையபட்டிக் கல்யாணப் பத்திரிகையின் முதல் வார்த்தையான ‘நிகழும்’ என்பதை அடிக்க ஆரம்பித்தாள். ‘ந’ வரவில்லை. அதற்குப் பதில் திரையின் மேலிருந்து ஒரு மெனு சரசரவென்று இறங்கியது. அதை மூடிவிட்டு மறுபடி அடித்தாள். மறுபடியும் மெனு. ‘க’ அடித்துப் பார்த்தாள், வேறொரு மெனு.

“அண்ணே, இந்த மெஷினை யாரு தொட்டது?”

வாசல் பக்க மேசையிலிருந்த அழகுசுந்தரம் பேப்பரை இறக்கினார். செக்காலை ரோட்டில் அவர் நடத்தும் அந்த அச்சகத்தில் நாகஜோதி பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறாள்.

“நேத்து லீவுதானே, விக்கியக் கூப்பிட்டுப் புது லினக்ஸ் போடச் சொன்னேன். பழசுக்கு இனிமே அப்டேட்டே வராதாம். பயப்படாத, எல்லாத்தையும் அப்படியே எடுத்து வச்சுட்டான்.”

எடுத்து வைத்துத்தான் இருந்தான். பழைய பத்திரிகைகள் வருஷவாரியாக இருந்தன. ஃபான்ட் ஒன்று குறையவில்லை. பிரின்டர் வேலை செய்தது. அவள் அடிக்கடி போகும் இணையப் பக்கங்கள், திரையில் வைத்திருந்த குன்றக்குடி மலைப் படம் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கும் விக்கி கெட்டிக்காரன். அவன் சோம்பேறியாக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டி ஆற்றிக்கொள்ளலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மாடாக உழைத்து அல்லவா அவள் கையை ஒடித்துப் போட்டிருக்கிறான்!

போன் போட்டதும் பத்து நிமிஷத்தில் வந்து நின்றான். முகத்தில் பாராட்டை எதிர்பார்க்கிற சிரிப்பு வேறு.

“கீபோர்டு மட்டும் கோளாறா இருந்துச்சுக்கா. ஒண்ணை அமுக்குனா வேற ஒண்ணு வந்துச்சு. அதையும் சரி பண்ணிட்டேன்.”

சரி பண்ணிவிட்டானாம்.

நாகஜோதிக்கு வலது கையில் கட்டைவிரல் மட்டும்தான் உண்டு. மானகிரியில் மாட்டுக்குத் தீவனம் வெட்டும் மெஷின் மற்ற நாலையும் வாங்கிக்கொண்டபோது அவளுக்கு இருபது வயது. தமிழ் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணி, ஹையருக்குப் போய்க்கொண்டிருந்தாள். கட்டுப் பிரித்ததும் நேரே இன்ஸ்டிடியூட்டுக்குத்தான் போனாள். “இனிமே எதுக்கும்மா இங்க?” என்று கேட்டார்கள். கேட்டவர்கள் அதை அன்பாகத்தான் கேட்டார்கள். அந்த அன்பை அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அழகுசுந்தரத்தின் அச்சகத்தில் முதலில் பத்திரிகை மடித்து மஞ்சள் தடவும் வேலை. மற்றவர்கள் சாப்பிடப் போகும் மத்தியான நேரத்தில், சும்மா இருக்கும் கம்ப்யூட்டரில் உட்காருவாள். கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸில், எந்த விசைக்கு எந்த எழுத்து என்பது ஒரு சாதாரணக் கோப்பில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது, அதைத் திறந்து மாற்றலாம் என்று ஒரு நாள் இணையத்தில் படித்தாள். ஆங்கிலத்தில் இருந்ததை எழுத்துக் கூட்டித்தான் படித்தாள். அன்று அவள் சாப்பிடவில்லை.

தமிழ்க் கீபோர்டில் உயிரெழுத்துகள் இடப்பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலப்பக்கம். வலப்பக்கம் அவளுக்குப் பாலைவனம். ஆகவே பதினெட்டு மெய்களையும் இடப்பக்கத்துக்குக் கொண்டுவந்தாள். மிச்சமிருந்த கட்டைவிரலால் ஸ்பேஸ் பாருக்குப் பக்கத்திலிருக்கும் ‘ஆல்ட்’ விசையை அழுத்திக்கொண்டால், இடது கைக்குக் கீழே உயிரெல்லாம் போய் மெய்கள் வரும். விட்டால் பழையபடி உயிர்கள். சொல்ல ரெண்டு வரி. செய்ய இருபத்தொரு மாசம். இரண்டு தடவை கீபோர்டே செத்துப்போய், பாஸ்வேர்டு கூட அடிக்க முடியாமல் முழித்தாள். எந்த எழுத்து எந்த விரலுக்கு வாகு என்று மாற்றி மாற்றி வைத்தாள். கடைசியில் பத்து விரல்காரர்களுக்குச் சமமாக அடித்தாள். பத்திரிகை மடிப்பதை விட்டு, டைப் அடிக்கும் நாற்காலிக்கு வந்தாள்.

அந்தக் கோப்பு அவளுடைய ஃபோல்டரில் இல்லை. சிஸ்டத்துக்கு உள்ளே இருந்தது. விக்கி அவள் ஃபோல்டரை, மறைந்திருக்கும் கோப்புகள் உட்பட, வழித்து எடுத்திருந்தான். சிஸ்டம் பக்கம் இருப்பதெல்லாம் புதிதாக வந்துவிடும் என்று விட்டுவிட்டான். யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள்.

“பழைய டிஸ்க் எங்க இருக்கு?”

“அதை அழிச்சுத்தான்க்கா புதுசு போட்ருக்கேன்.” சிரிப்பு இப்போது அவன் முகத்தில் இல்லை. “வெறும் செட்டிங்ஸ்தானேக்கா, ஒரு நாள்ல பழகிரலாம்.”

“வெறும் செட்டிங்ஸா?” நாகஜோதி வலது கையைத் தூக்கி அவன் மூஞ்சிக்கு நேரே காட்டினாள். அந்தக் கையை அவள் கடையில் யாருக்கும் அப்படிக் காட்டியதே இல்லை. “இதை வச்சு நான் என்னத்தைப் பழக? சொல்லு. எந்த விரலை வச்சுப் பழக?”

அழகுசுந்தரம் எழுந்து வந்தார்.

“சரி, விடு ஜோதி. தெரியாமப் பண்ணிட்டான். சாயங்காலம் வலையபட்டிக்காரக பத்திரிகையப் பாக்க வாராக. நாளைக்குக் காலையில பிள்ளையார்பட்டியில மொதப் பத்திரிகைய வைக்கணும்னு இருக்காக. இன்னைக்கு மட்டும் அபி அடிக்கட்டும். நீ அங்குட்டு மடிக்கிறதப் பாரு.”

ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னாலிருந்து அபி நிமிர்ந்து பார்த்தாள். அவள் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாசம் ஆகிறது. பத்து விரலும் இருக்கின்றன.

“ஒரு வகையில நல்லதுதான்,” என்று அழகுசுந்தரம் நல்ல மனசோடு மேற்கொண்டு சொன்னார். “இப்ப இந்த மெஷின்ல யாரு வேணும்னாலும் உக்காரலாம்ல?”

நாகஜோதிக்குக் காதெல்லாம் கொதித்தது. இன்னைக்கு மட்டும் என்பது எத்தனை நாள் என்று அவளுக்குத் தெரியும். மடிக்கிற மேசைக்கு ஒரு தடவை போனால் அப்புறம் இந்த நாற்காலி இல்லை. யாரும் துரத்த மாட்டார்கள். அன்பாகவே அங்கே விட்டுவிடுவார்கள்.

“அபி உக்கார வேணாம்,” என்றாள். “சாயங்காலம் பத்திரிகை ரெடியா இருக்கும். விக்கி, நீ எங்குட்டும் போகக் கூடாது. அந்த நோட்டை எடு.”

கோப்பைத் திரும்ப எழுதுவது அவளுக்குப் பெரிய காரியமில்லை. எதை எழுதுவது என்பதுதான் சிக்கல். ‘ழ’ எந்த விசையில் இருந்தது? யோசித்தாள். தெரியவில்லை. ‘ற’? தெரியவில்லை. ஒன்பது வருஷமாக ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை அடித்த எழுத்து எங்கே இருக்கிறதென்று மூளையைக் கேட்டால் அது கையை விரிக்கிறது. அந்த ஒரு கோப்பை ஒரு பென் டிரைவில் போட்டு வைக்கத் துப்பில்லாமல் போன தன்னையும் சேர்த்துத்தான் இப்போது கோபித்துக்கொண்டாள்.

கீபோர்டு ஒயரைப் பிடுங்கினாள். ஆல்ட்டை அழுத்தும்போதெல்லாம் மெனு இறங்கித் தொலைக்காமல் இருந்தால் போதும்.

“நான் கண்ணை மூடிக்கிட்டு பத்திரிகை வாசகத்தைச் சொல்லிக்கிட்டே அடிப்பேன். கட்டைவிரல் ஆல்ட்ல இருக்கையில இடது கை எந்தக் கீயத் தொடுதோ, அதை எழுது. தப்பா எழுதுன, தொலைச்சுப்புடுவேன்.”

கண்ணை மூடினாள். “நிகழும் மங்களகரமான...” என்று வாய் சொல்ல, விரல்கள் தாமாக நகர்ந்தன. யோசித்தபோது ஒளிந்துகொண்ட ‘ழ’வை ஒரு விரல் போகிற போக்கில் தொட்டுவிட்டுப் போனது. விக்கி குனிந்து, மூக்கு அவள் கையில் இடிக்கிற மாதிரி பார்த்துப் பார்த்து எழுதினான். “மெதுவாக்கா” என்றான். “மெதுவா அடிச்சா வராதுடா” என்று சீறினாள். ‘திருமணம்’ என்றதில் ‘ண’ கிடைத்தது. ‘சுற்றமும் நட்பும்’ என்றதில் ‘ற’வும் ‘ட’வும். ‘ஞாயிற்றுக்கிழமை’ வந்ததும் விக்கியே உற்சாகமாகி “ஞ மாட்டிக்கிச்சு!” என்று கத்தினான். அவள் சிரிக்கவில்லை. நாலு தடவை முழுப் பத்திரிகையையும் அடித்து, பதினெட்டையும் சரி பார்த்தார்கள்.

புதுக் கோப்பை அவளே எழுதினாள். ஒற்றைக் கையால், ஆங்கில விசைகளைத் தேடித் தேடி, மத்தியானச் சாப்பாட்டையும் விட்டுவிட்டு. விக்கி பக்கத்திலேயே ஸ்டூலில் இருந்தான்.

“இதை எப்பக்கா செஞ்சீக?”

“நீ பள்ளிக்கூடம் போயிக்கிட்டு இருந்தப்ப.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா.”

“நீ கேட்டியா? ஒண்ணை அமுக்குனா வேற ஒண்ணு வருதேன்னு பாத்தேல்ல, ஏன் வருதுன்னு ஒரு போன் போட்டுக் கேட்டியா?”

விக்கி நோட்டை அவள் கண்ணுக்கு நேராக நகர்த்தி வைத்தான்.

மூன்றே காலுக்கு ‘நிகழும்’ என்று அடித்தாள். ‘நிகழும்’ என்றே வந்தது. மெனு எதுவும் இறங்கவில்லை. மூச்சை விட்டுவிட்டு, பென் டிரைவை எடுத்துக் கோப்பை முதலில் அதில் போட்டாள். பிறகு வலையபட்டிக்காரர்கள் எழுதிக் கொடுத்த தாளை எடுத்து நிறுத்தி, குலக் கோயில், அதன் உட்பிரிவு, பாட்டனார் பெயர், ஊர் என்று வரிசையாக அடிக்கத் தொடங்கினாள். கோபத்தில் வழக்கத்தைவிட வேகமாகவே போனது.

பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. அழகுசுந்தரம். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ, அவள் இரண்டு கைகளையும் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒத்தக் கையிலயா ஜோதி இத்தனை வருசமா அடிச்ச? கட்டைவிரல அங்க வச்சுக்கிட்டு... நாலடி தள்ளித்தான் உக்காந்திருக்கேன். நான் ஒரு நாள் கூட இதைப் பாத்ததில்லையேம்மா.”

இன்ஸ்டிடியூட்டில் அன்று கேட்ட அதே அன்பு அந்தக் குரலில் இருந்தது. காலையில் வந்ததைவிடப் பெரிய கோபம் நாகஜோதிக்கு இப்போதுதான் வந்தது. திரையைவிட்டு அவள் திரும்பவில்லை.

“அண்ணே, பின்னாடி நிக்காதீக. எனக்கு வேலை ஓடல.”

அவர் போய்த் தன் மேசையில் உட்கார்ந்தார். அவள் விட்ட வரியிலிருந்து அடித்தாள்.