மூன்று பித்தான் மூடி

காரைக்குடி செக்காலை ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில், டயர் கடைக்கும் லட்சுமணனின் டீக்கடைக்கும் நடுவில் இருக்கிறது சின்னக்கருப்பின் லேத் பட்டறை. மோட்டார் தண்டு, டிராக்டர் போல்ட்டு, பெரிய வீட்டுக் கதவுகளின் பித்தளைத் திருகு என்று எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் "அங்குட்டு வச்சிட்டுப் போங்க" என்பார். நாலு நாள் என்றால் பத்து நாள் ஆகும். ஆனால் வேலையில் குறை சொல்ல இந்த ஊரில் ஒரு ஆள் இல்லை என்பது அவர் எண்ணம். ஊரும் அதை மறுத்ததில்லை.

ஐம்பத்து நாலு வயசான இந்த மனுசனுக்கு இரண்டே கெட்ட பழக்கம். ஒன்று வாய்ச்சவடால். இன்னொன்று மாவுருண்டை.

வறுத்த பாசிப்பயறை நைசாக அரைத்து, சீனிப்பொடி கலந்து, காய்ந்த நெய்யை மேலே ஊற்றிச் சூட்டோடு சூடாகப் பிடிக்கிற மாவுருண்டை. அதைப் பிடிப்பதில் கைராசிக்காரி அவர் சம்சாரம் முத்தழகு. கல்யாணம், வளைகாப்பு என்று சுற்றுவட்டாரத்தில் எது நடந்தாலும் அவளிடம்தான் பலகாரம் சொல்வார்கள். மகள் ஜனனியைக் கல்லல் ஊரில் கட்டிக் கொடுத்தாயிற்று. வீட்டில் இருப்பது இரண்டே பேர். எனவே பலகாரம் குறைந்தால் யார் எடுத்தது என்று விசாரணை வைக்க வேண்டிய அவசியமே இல்லை.

"தின்னீகளா?"

"எறும்பு தின்னுருக்கும்."

"எறும்பு பூட்டைத் தெறந்துருச்சாக்கும்?"

பூட்டு என்று அவள் சொன்னது தகர டப்பாவில் போட்ட சின்னப் பூட்டு. அதை அவர் ஒரு ரம்பத் துண்டை வைத்து, டீ ஆறுவதற்குள் திறந்துவிட்டார். பரணில் ஒளித்தால் ஏணி வைத்தார். அரிசி டிரம்முக்குள் புதைத்தால் அரிசியைக் கிளறினார். கொசுவலைக்குள் சுருட்டி வைத்ததைக்கூட மோப்பம் பிடித்தார். இதெல்லாம் சிரித்துக்கொண்டே நடந்தது, கால் விரல் விஷயம் வரும்வரை.

லேத்தில் இரும்பைச் சீவும்போது சூடாகச் சுருள் சுருளாக விழும். அதில் ஒன்று செருப்புக்குள் புகுந்து இடது கால் கட்டைவிரலைச் சுட்டுவிட்டது. சுட்டது அவருக்குத் தெரியவே இல்லை. ஒரு வாரம் கழித்து, "என்ன இது, கால்ல சீழு வச்சிருக்கு?" என்று முத்தழகுதான் கேட்டாள். பத்து வருஷச் சர்க்கரை, காலில் உணர்ச்சியைத் தின்றிருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. "எட்டு வாரம் பாப்போம். அதுக்குள்ள சர்க்கரை இறங்கிப் புண் ஆறணும். ஆறலைன்னா விரலை எடுக்கணும். விரலோட நின்னா உங்க நல்ல நேரம்."

சின்னக்கருப்பு நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவர். நிற்க முடியாத லேத்துக்காரரை யாரும் கேள்விப்பட்டதில்லை. வீட்டுக்கு வந்ததும் இனி இனிப்பைத் தொடுவதில்லை என்று குலசாமி மேல் சத்தியம் செய்தார். சத்தியம் வியாழக்கிழமை வரை இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை முத்தழகு குடையை எடுத்துக்கொண்டு பட்டறைக்கே வந்துவிட்டாள். உள்ளே வராமல், வேலை கொடுக்க வருகிறவர்கள் நிற்கிற இடத்தில் நின்றாள்.

"லேத்துக்காரரே, ஒரு வேலை இருக்கு."

சின்னக்கருப்பு திரும்பிப் பார்த்து முழித்தார். பக்கத்துக் கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்த லட்சுமணனின் கை நின்றது.

"ஒரு பெரிய எவர்சில்வர் டப்பா. வாய் பத்து அங்குலம். மேல திருகு மூடி. திருகி முடிச்சா அதுவாப் பூட்டிக்கிறணும். உங்களால தெறக்க முடியக் கூடாது."

"என்னாலயா?"

"உங்களாலதான். வேற யாரு தெறந்தா எனக்கு என்ன?"

"நான் செஞ்ச மூடியை நானே தெறக்க முடியாதா? ஏ முத்தழகு, என்ன பேச்சுப் பேசுறே நீ!" என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவர் காலில் இருந்த கட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிருங்கண்ணே," என்றான் லட்சுமணன். "மதுரையில யாராச்சும் செய்வாக."

மதுரை என்றதும் சின்னக்கருப்புக்குச் சுள்ளென்று ஏறியது. "எழுதுடா சிலேட்டுல," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, தானே எழுதினார்: முத்தழகு, டப்பா மூடி, ஒன்று.

மனுசன் மாட்டிக்கொண்டது அப்போதுதான். மூடி திறந்தால் தொழிலில் பேர் போச்சு. திறக்காவிட்டால் மாவுருண்டை போச்சு. இப்படி ஒரு இக்கட்டில் காரைக்குடியில் வேறெந்தத் தொழிலாளியும் மாட்டியிருக்க மாட்டான்.

முதல் மூடி நாலே நாளில் தயார். அலுமினியத்தில் கடைந்தது. திருகி முடிந்ததும் பக்கத்தில் ஒரு இரும்புக் குண்டுமணி 'டக்'கென்று குழியில் விழுந்து பூட்டிக்கொள்ளும். அதை எந்த இடத்தில் அமுக்கினால் விடும் என்பது அவருக்கு மட்டும் தெரியும். செவ்வாய்க்கிழமை காலை டப்பா வீட்டுக்குப் போனது. சாயங்காலத்துக்குள் இரண்டு உருண்டையைக் காணவில்லை.

"வேலை செய்யுதான்னு சோதிச்சேன்," என்றார்.

"சோதனைக்கு ஒன்னு போதாதாக்கும்?"

இரண்டாவது மூடியில் அவருடைய குறும்பு முழுசாக இறங்கியது. திருகு மரையை எதிர்ப்பக்கமாக வெட்டினார். திறக்கிறோம் என்று நினைத்து வழக்கம்போல் திருகினால் மூடி இன்னும் இறுகும். லட்சுமணனிடம் கொடுத்தார். அவன் கழுத்து நரம்பு புடைக்கத் திருகினான். மூடி இரும்பாக இறுகிக்கொண்டது. டயர் கடைக்காரர் வந்தார், ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். சந்தே கூடித் தோற்றது. சின்னக்கருப்புக்கு அன்று தரையில் கால் பாவவில்லை.

வீட்டில் முத்தழகு டப்பாவை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. லட்சுமணன் தம்பிகிட்ட இருந்து என் உருண்டையக் காப்பாத்திட்டீக."

அவ்வளவுதான் சொன்னாள். அந்தச் சொல் அவர் மண்டைக்குள் அரம் மாதிரி ராவிக்கொண்டே இருந்தது. உண்மைதானே? சூட்சுமத்தை ஒளித்து வைத்துப் பூட்டினால், ஒளித்தவனிடம் பூட்டு செல்லாது. தெரிந்தாலும் முடியக் கூடாது. அப்படி ஒரு மூடி எப்படிச் செய்வது?

விடை ஒரு புதன்கிழமை வந்தது. ஒரு மோட்டாரிலிருந்து பேரிங்கைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒரு கை இதைப் பிடிக்க, ஒரு கை அதைப் பிடிக்க, சுத்தியல் எடுக்கக் கை இல்லை. "லட்சுமணா, செத்த வந்து பிடி, ஒரு கை குறையுது" என்று கத்தினார். கத்தின வாய் அப்படியே நின்றது. மனுசனுக்குக் கை இரண்டு. இதில் ரகசியம் ஒன்றும் இல்லை, ஆனால் யாராலும் மாற்றவும் முடியாது!

மூன்றாவது மூடியில் மூன்று பித்தான். டப்பாவின் கழுத்தைச் சுற்றி, ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில், ஸ்பிரிங் வைத்த மூன்று குமிழ். மூடியைத் திருகி முடித்தால் மூடியின் விளிம்பில் இருக்கும் மூன்று ஓட்டைகளிலும் குமிழ்கள் வந்து உட்கார்ந்துகொள்ளும். மூன்றையும் ஒரே நேரத்தில் உள்ளே அமுக்கிக்கொண்டு திருகினால்தான் திறக்கும். ஒற்றை ஆளால் ஆகாது. முழங்காலை வைத்துப் பார்த்தார், வயிற்றை முட்டுக் கொடுத்துப் பார்த்தார், பல்லால்கூட ஒரு தடவை முயன்றார். ஆகவில்லை. தன்னைத் தானே ஜெயித்த சந்தோஷத்தில் லட்சுமணனுக்கு அன்றைக்கு இவர் டீ வாங்கிக் கொடுத்தார்.

ஆனால் சின்னக்கருப்பு என்றால் சும்மாவா? இரண்டு பித்தானுக்குப் பழைய பைக் இஞ்சினின் முரட்டு ஸ்பிரிங்கைப் போட்டார். லேத்தில் காய்த்துப்போன கட்டைவிரல் தவிர வேறு எதற்கும் அது மசியாது. மூன்றாவதற்கு மட்டும் பேனாவுக்குள் இருக்கிற மாதிரி மெல்லிசு ஸ்பிரிங். அது முத்தழகுக்கு.

அவள் அதைப் புரிந்துகொள்ள அரை நாள் ஆனது. பக்கத்து வீட்டு மலையம்மாளைக் கூப்பிட்டு அமுக்கச் சொன்னாள். மலையம்மாளுக்கு நகம் உடைந்தது.

"என்னால தெறக்க முடியாத மூடி கேட்டே, குடுத்துட்டேன்," என்றார் சின்னக்கருப்பு, வாசற்படியில் சாய்ந்துகொண்டு. "உன்னாலயும் முடியாதுன்னா அதுக்கு நான் என்ன செய்ய? கூப்புடு, வாரேன். ஒரு தடவைக்கு ஒரு உருண்டை கூலி."

முத்தழகு தலையில் அடித்துக்கொண்டாள். ஆர்டர் கிடக்கிறது, வேறு வழியில்லை. அந்த வாரம் அவருக்குக் கூலி நன்றாகவே கிடைத்தது.

ஐந்தாவது வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சர்க்கரை இறங்கவில்லை, புண் ஆறவில்லை. "இப்படியே போனா ஆபரேஷனுக்குத் தேதி குறிச்சிர வேண்டியதுதான்," என்றார் டாக்டரம்மா. சின்னக்கருப்பு சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அன்று சாயங்காலம், "ஏங்க, செத்த வாங்க" என்று கூப்பிட்டாள். போனார். இரண்டை இவர் அமுக்கினார், ஒன்றை அவள் அமுக்கித் திருகினாள். மூடி திறந்தது. அவளே ஒரு உருண்டையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"தின்னுங்க. கூலியில நான் கை வைக்க மாட்டேன். ஆனா என் கண்ணைப் பாத்துக்கிட்டே தின்னுங்க."

சின்னக்கருப்பு பார்த்தார். திருடித் தின்றபோது வராத கூச்சம் இப்போது வந்தது. அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை, பயந்துபோயிருந்தாள். முப்பது வருஷத்தில் அந்தப் பயத்தை அவர் பார்த்ததில்லை. நெய் வாசனை மூக்குக்கு நேராக வருகிறது, வாயில் எச்சில் ஊறுகிறது, கையோ மேலே வரமாட்டேன் என்கிறது. உருண்டையைத் திரும்பவும் டப்பாவுக்குள் வைத்தார். "பசி இல்லை," என்றார்.

மறுநாளும் கூப்பிட்டாள். மறுநாளும் பசி இல்லை. இப்படியே தினம் ஒரு தடவை, சில நாள் இரண்டு தடவை. ஒவ்வொரு தடவையும் அவருக்குள் ஒரு யுத்தம் நடந்தது, ஒவ்வொரு தடவையும் அவர் ஜெயித்தார். வெளியே வந்து தண்ணீரைச் செம்புச் செம்பாகக் குடிப்பார்.

ஏழாவது வாரத்தில் ஒரு நாள் சந்தில் கரண்ட் இல்லை. சாயங்காலம்தான் வரும் என்றார்கள். சின்னக்கருப்பு பதினொரு மணிக்கே வீட்டுக்கு வந்தார். கொல்லைப் பக்கமாக வந்து சமையற்கட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

முத்தழகு தனியாக மூடியைத் திறந்துகொண்டிருந்தாள்!

மூன்று புளியங்கொட்டை. மூன்று ஓட்டையிலும் ஒவ்வொன்றைப் பொருத்தி, மேலே பழைய சேலைக் கிழிசலைக் கயிறாகச் சுற்றிக் கட்டியிருந்தாள். கட்டுக்குள் அகப்பைக் காம்பைச் செருகி முறுக்கினாள். கயிறு இறுக, கொட்டைகள் குமிழ்களை உள்ளே தள்ளின. காம்பைக் கயிற்றிலேயே சொருகிவிட்டு, இரண்டு கையாலும் மூடியைத் திருகினாள். மூடி வந்துவிட்டது. மூச்சுக்கூட வாங்கவில்லை அவளுக்கு. எடுக்க வேண்டியதை எடுத்து, மூடிவிட்டு, கொட்டைகளைக் கடுகு டப்பாவுக்குள் போட்டுவிட்டு, ஆர்டர் கொடுக்க முன்வாசல் வழியாகக் கிளம்பிப் போனாள். கை போகிற வேகத்தைப் பார்த்தால் நேற்றுக் கற்ற வித்தை மாதிரி தெரியவில்லை.

முதலில் வந்தது ஆத்திரம். மூன்று வாரமாக மண்டையை உடைத்துச் செய்ததை மூன்று கொட்டையில் முடித்துவிட்டாளே! அடுத்து வந்தது ஆசை. வீட்டில் யாரும் இல்லை. சூட்சுமம் தெரிந்துவிட்டது. கடுகு டப்பா எட்டுகிற உயரத்தில்தான் இருக்கிறது.

உள்ளே போனார். கொட்டைகளைப் பொருத்தினார், கட்டினார், முறுக்கினார். திறந்தது. உள்ளே அன்று காலை பிடித்த உருண்டைகள். ஒன்றை எடுத்தார். இன்னும் லேசாகச் சூடு இருந்தது.

அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. ஒற்றையாளாகத் திறக்கத் தெரிந்தவள் என்னைத் தினமும் எதற்குக் கூப்பிட்டாள்?

பதில் தெரிந்ததும் சின்னக்கருப்பு அடுப்பங்கரைத் தரையில் உட்கார்ந்துவிட்டார். மூடியை நம்பினால் ஆகாது என்று அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. அதனால் மூடியை விட்டுவிட்டு, இவரைத் தினமும் ஒரு தடவை டப்பாவுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாள். வேண்டாம் என்று இவர் வாயால் வரும்வரை எதிரில் நின்றிருக்கிறாள். ஐம்பத்து நாலு வயசில், தனியாக உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு உருண்டையை உள்ளே வைத்து மூடினார். விரலில் ஒட்டியிருந்த பொடியை மட்டும் நக்கிக்கொண்டார். அது திருட்டில் சேராது.

கொட்டைகளைக் கடுகுக்குள் இருந்தபடியே வைத்தார். சாயங்காலம் "ஏங்க, செத்த வாங்க" என்ற குரல் வந்ததும் ஒன்றும் தெரியாதவராக எழுந்து போய், இரண்டு கட்டைவிரலையும் வைத்து அமுக்கினார்.

எட்டாவது வாரம் டாக்டரம்மா கட்டைப் பிரித்து, விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சர்க்கரைச் சீட்டையும் பார்த்தார். "சதை கூடி வருது. விரலை எடுக்க வேண்டாம். இதே மாதிரி இருந்துக்கங்க," என்றார். முத்தழகு நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். சின்னக்கருப்பு பக்கத்தில் நின்று, போகிற வருகிற ஆட்டோக்களை அதட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குப் போகிற ஆட்டோவில் அவள் சொன்னாள்: "இனிமே அந்த முரட்டு மூடி எதுக்குங்க? பாவம், பட்டறை வேலையை விட்டுட்டுத் தினமும் ஓடியாரீக. ஒத்தை ஆளாத் தெறக்குற மாதிரி சுளுவா ஒன்னு செஞ்சு குடுங்களேன்."

மோட்டார் தண்டையும் பித்தளைத் திருகையும் போட்டி போட்டுக் கடைந்த மனுசன், வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் தொழிலில் தோற்றதாக ஒப்புக்கொண்டார்.

"ஒத்தையில தெறக்குற மூடி செய்ய எனக்குத் தெரியாது முத்தழகு. நீ கூப்புடு, நான் வாரேன்."