பட்டியலில் ஒரு காலி வரி

பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு ‘நூறக்கா’ என்று பெயர். ரத்தத்தில் வெள்ளை அணுக்களை வகை பிரித்து எண்ணுவது அவள் வேலை. ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியின் கீழே வைத்து, நூறு அணுக்கள் வரும்வரை எண்ண வேண்டும். இதில் இத்தனை, அதில் இத்தனை என்று எழுதித் தர வேண்டும். கூட்டம் நெரியும் நாட்களில் மற்றவர்கள் அறுபதில் நிறுத்திக்கொண்டு மீதியை உத்தேசமாகப் போட்டுவிடுவார்கள். அவள் நிறுத்த மாட்டாள். இடது கை எண்ணும் கருவியின் பொத்தான்களில் டிக் டிக்கென்று ஓடிக்கொண்டே இருக்கும். நூறாவது அணுவுக்கு மணி அடித்த பிறகுதான் தலையைத் தூக்குவாள்.

“நூறக்கா, சாயங்காலத்துக்குள்ள எழுந்திருவீங்களா, இல்ல பாயக் கொண்டாந்து போடட்டுமா?” என்று கேட்பாள் ரத்தம் எடுக்கிற பெண்.

“போடு. தலகாணியும் கொண்டா. அவசரமா எண்ணினா, இருக்கிறது இல்லன்னு ஆயிடும்டீ.”

இருபத்திரண்டு வருடமாக இதே முக்காலி. கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்தால் கழுத்தை நிமிர்த்தி எதிர்ச் சுவரைப் பார்த்தபடி பத்து நிமிடம் உட்கார்ந்திருப்பாள். அந்தச் சுவரோரம்தான் கணினி இருந்தது.

கணினி அவள் கணவனுடைய ராஜ்யம். சரக்கு லாரி நிறுவனம் ஒன்றில் கணினிகளைப் பராமரிக்கிறவர் அவர். அங்கே அவருக்கு ‘கமாண்டு’ என்று பட்டப்பெயர். மற்றவர்கள் சுட்டியைப் பிடித்து நகர்த்துகிற இடத்தில் இவர் கறுப்புத் திரையைத் திறந்து கட்டளை அடிப்பார் என்பதற்காக வைத்தது. வீட்டில் அவர் பேச்சும் அந்த ரகம்தான் என்பது அலுவலகத்துக்குத் தெரியாது. நிறுவனம் கழித்துப் போட்ட பழைய கணினி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, அதில் லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றி, பெரிய திரை ஒன்றை மாட்டினார். கைப்பேசிகளில் கிடந்த ஆயிரத்துச் சொச்சம் படங்களை ஒரே ஃபோல்டரில் போட்டு, பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அதில் ஏதாவது ஒன்றை எடுத்துத் திரையின் பின்னணியாக வைக்கிற மாதிரி கட்டளைகளை வரிசையாகக் கோத்து ஒரு ஸ்கிரிப்ட் எழுதினார். ஒன்பது வரி. கல்யாணமாகி அவளுக்காக அவர் செய்த காரியங்களில் அவளுக்கு நிஜமாகவே பிடித்தது அதுதான். கழுத்தை நிமிர்த்தி உட்கார்ந்தால் போதும். ஒருவர் மாற்றி ஒருவராக வந்து போவார்கள்.

அதிகம் வந்தவன் மகன். வாளிக்குள் உட்கார்ந்தபடி, வாய் பிளந்து தூங்கியபடி, அரும்பு மீசையைத் தடவியபடி. “இந்த வீட்ல எனக்குத்தான்மா கால்ஷீட் அதிகம்” என்று சிரிப்பான்.

எட்டு மாதத்துக்கு முன்னால் நண்பர் ஒருவருக்கு உதவியாக, ஒரு கல்லூரியில் புதுக் கணினிகளைப் பொருத்திக்கொடுக்க அவர் போனார். மகன் படிக்கிற கல்லூரி. வந்ததுதான் வந்தோம், அவனையும் பார்த்துவிட்டுப் போவோம் என்று வகுப்பறைக்குப் போய் நின்றிருக்கிறார். அவன் பெயரைப் பதிவேட்டிலிருந்து அடித்து ஒரு வருடம் ஆகிறது என்று பேராசிரியர் முப்பது பிள்ளைகளுக்கு முன்னால் சொன்னார். தினமும் எட்டு மணிக்குப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பியவன், பஸ் பழுது பார்க்கும் பட்டறையில் கிரீஸும் கையுமாக இருந்திருக்கிறான். படிப்பை நிறுத்துவதாகக் கல்லூரிக்குக் கொடுத்த கடிதத்தில் அப்பாவின் கையெழுத்தையும் அவனே போட்டிருக்கிறான்.

அன்று சாயங்காலம் அவர் கத்தவில்லை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, “உன் மூஞ்சிய இனிமே இந்த வீட்ல பாக்கக் கூடாது” என்றார். அவன் அதே கல்லூரிப் பையோடு போய்விட்டான். பட்டறையின் மாடியில் தங்கிக்கொண்டான். அவள் வேலை முடிந்து வரும் வழியில் வாரத்துக்கு இரண்டு நாள் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். அவருக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தார்.

மூன்று வாரத்துக்கு முன்னால் அவன் சொன்னான்: “வெளியூர்ல பெரிய ஒர்க்‌ஷாப்ல வேல கெடச்சிருக்கும்மா. அடுத்த மாசம் முதல் ஞாயித்துக்கிழம கிளம்பணும். அதுக்கு முன்னாடி ஒருநாள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போறேன். அப்பா சரின்னா மட்டும்.”

அவரிடம் நேரே கேட்கலாம். “முடியாது” என்று ஒரு தடவை அவர் வாயிலிருந்து வந்துவிட்டால் அதைத் திரும்ப உள்ளே அனுப்ப யாராலும் ஆகாது. அதனால் அவள் திரையை நம்பினாள். அவர் வீட்டில் இருக்கும் நேரமாக அவன் முகம் வரட்டும். சட்டென்று எழுந்துபோய் மாற்றினாரென்றால் வாயைத் திறக்க வேண்டாம். பார்த்துவிட்டுப் பேசாமல் டீயைக் குடித்தாரென்றால் பேச்சை எடுக்கலாம். இதுதான் அவள் போட்ட திட்டம்.

முகம் வரவில்லை. அவர் அக்கா வந்தார், அக்கா வீட்டு நாய் வந்தது, யாரென்றே தெரியாத யாரோ வீட்டு வரவேற்பில் அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்த படம் இரண்டு தடவை வந்தது. முதல் வாரம் நேரம் சரியில்லை என்று நினைத்தாள். இரண்டாவது வாரம் சந்தேகம் வந்தது. மூன்றாவது வாரம் நாட்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கம் ஐந்து கட்டம் கோடு போட்டாள். அவர், நான், சொந்தக்காரர்கள், ஆள் இல்லாதவை, அவன். துணி மடிக்கும்போதும் காய் நறுக்கும்போதும் படம் மாற மாற ஒவ்வொரு கோடாகக் கிழித்தாள். வார விடுமுறை ஒரு நாள், மாலைகள் நான்கு. வியாழக்கிழமை ஏழு மணிக்கு நூறு முடிந்தது. ஐந்தாவது கட்டத்தில் ஒரு கோடு கூட இல்லை.

தாளைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தாள்.

“என்னது இது?”

“நூறு படம் எண்ணினேன். அவன் ஒண்ணுல கூட இல்ல.”

“அது ரேண்டம். குலுக்கிப்போட்டு எடுக்கறது. எது வரும்னு யாருக்குத் தெரியும்?”

“கிட்டத்தட்ட நாப்பது வரணுங்க. ரெண்டு கொறையட்டும், அஞ்சு கொறையட்டும். சைபர் வராது. சைபர் வந்தா சாயம் பிடிக்கலன்னு அர்த்தம், இல்ல யாரோ கை வெச்சிருக்காங்கன்னு அர்த்தம். எங்கிட்டயே கத விடாதீங்க. அந்த ஸ்கிரிப்டக் காட்டுங்க.”

“காட்டினா உனக்கு என்ன புரியும்?”

“எழுதினவர் சொல்லுவாரில்ல.”

அவர் கறுப்புத் திரையைத் திறந்தார். விரலை வைத்து வரிவரியாகச் சொன்னார். இது எந்த ஃபோல்டர் என்று சொல்கிற வரி. இது அதிலுள்ள படங்களின் பெயர்களை எடுக்கிற வரி. இது கலைத்துப்போடுகிற வரி. இது மேலே வந்த ஒன்றைப் பின்னணியாக வைக்கிற வரி.

“நடுவுல ஒண்ணத் தாண்டிட்டீங்க. ஒன்பது வரின்னுதான அன்னிக்குச் சொன்னீங்க? இங்க பத்து இருக்கு.”

அவர் கழுத்தைச் சொறிந்தார். “அது கிரெப். சல்லடை மாதிரி. ஒரு பட்டியல் குடுத்தோம்னா, அதுல இருக்கிற பேரெல்லாம் தள்ளிட்டு மீதிய மட்டும் விடும்.”

“பட்டியலத் திறங்க.”

திறந்தார். ஒவ்வொரு வரியிலும் கைப்பேசி தானாக வைத்த பெயர். வெறும் தேதியும் எண்களும். அவள் கீழே கீழே தள்ளிக்கொண்டே போனாள். நானூற்றுப் பன்னிரண்டு வரி. எண்ணைப் பார்த்து இதில் யார் இருக்கிறார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால்தான் உண்டு. கூட்டமாக எடுத்த படமென்றால் ஒவ்வொரு தலையாகத் தேட வேண்டும்.

“இத்தனையும் எப்பப் பாத்தீங்க?”

“நீ ஞாயித்துக்கிழம டூட்டிக்குப் போவயில்ல. அப்ப.”

“எத்தன ஞாயித்துக்கிழம?”

“ஆறோ, ஏழோ. முடிச்சு ஒரு மாசந்தான் ஆச்சு.” பிறகு, கேட்காமலே சொன்னார்: “அந்தக் கையெழுத்து. என்னோட கடைசி எழுத்துல ஒரு சுழி வரும் பாரு, அதைக்கூட விடாம போட்டிருக்கான். உக்காந்து பழகியிருக்கான்.”

அவள் நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். “ஞாயித்துக்கிழம வேலைக்கு வெளியூர் போறான். அதுக்கு முன்னாடி வந்து சாப்பிட்டுப் போறேங்கறான். நீங்க சரின்னாத்தான் வருவான். என்ன சொல்லட்டும்?”

அவர் திரையை மூடிவிட்டுச் சட்டை தேய்க்கப் போய்விட்டார். ஒரே சட்டையை இரண்டு தடவை தேய்த்தார்.

மறுநாள் காலை அவள் கிளம்பும்போது அவர் கணினி முன்னால் இருந்தார். “டிபன் பாக்ஸ மறந்துடாதீங்க” என்றாள். “ம்” என்றார்.

மூன்றரைக்கு வேலை முடிந்து வந்து கழுத்தை நிமிர்த்தி உட்கார்ந்தாள். திரையில் எதுவும் இல்லை. ஈரச் சிமெண்டின் நிறத்தில் ஒரே வெறுமை. பத்து நிமிடம் பார்த்தாள். மாறவில்லை. இருபது நிமிடம், அரை மணி. நாயும் இல்லை, நாத்தனாரும் இல்லை. கேட்ட கேள்விக்கு அவர் பதில் சொல்லிவிட்டார் என்று அவளுக்குத் தோன்றியது. ஒருத்தனைப் பற்றிப் பேசினால் ஒருத்தருமே வேண்டாம் என்கிற பதில். அதையும் வாயால் சொல்லாமல் இப்படி.

மகனைக் கூப்பிட்டாள். “இப்ப வர வேணாண்டா. அங்க போய்ச் சேந்துட்டு போன் பண்ணு.”

“அப்பாகிட்ட கேட்டியா?”

“கேட்டேன்.”

அவனுக்குப் பின்னால் யாரோ இரும்பைத் தட்டும் சத்தம். “சரி விடும்மா. அப்ப ஞாயிறு வரைக்கும் எதுக்கு? இன்னிக்கே ஆறரைக்கு ஒரு பஸ் இருக்கு.”

அவர் ஐந்தே காலுக்கு வந்தார். செருப்பைக் கழற்றியவர் நேரே திரையைப் பார்த்தார்.

“இதென்ன?”

“என்னயக் கேட்டா? நீங்க செஞ்ச வேல.”

“நான் இப்படிச் செய்யலயே. பட்டியல அழிச்சேன். அத்தனை வரியும் அழிச்சுட்டுத்தான் ஆபீசுக்கே போனேன். வந்து பாத்தா நீயே புரிஞ்சுக்குவன்னு…” சொல்லிக்கொண்டே உட்கார்ந்து பட்டியலைத் திறந்தார். பார்த்தார். நெற்றியில் அடித்துக்கொண்டார். “ஒரு காலி வரி. கடைசில ஒண்ண விட்டுட்டேன்.”

“காலின்னா ஒண்ணும் இல்லதான?”

“இல்ல. காலி வரி எல்லாப் பேரோடயும் பொருந்தும். அதனால எல்லாத்தையும் தள்ளிடுச்சு. சின்னப் பசங்க பண்ற தப்பு.” ஒரு விசையைத் தட்டி அந்த வரியை எடுத்தார். திரும்பினார். அவள் முகம் போன போக்கைப் பார்த்தார்.

“நான் அவன வர வேணாம்னு சொல்லிட்டேங்க. ஆறரைக்கு பஸ்சு. இன்னிக்கே போறான்.”

சுவர்க் கடிகாரத்தில் ஐந்து இருபத்தைந்து. அவள் எண்ணை அழுத்தி அவர் கையில் கைப்பேசியைத் திணித்தாள். “நீங்களே பேசுங்க. சொன்னதும் நீங்க, அழிச்சதும் நீங்க. நடுவுல நான் எத்தனவாட்டி நிப்பேன்?”

“சொல்லும்மா” என்றது குரல்.

அவர் தொண்டையைக் கனைத்தார். “நாந்தான்.”

அவர் திரையைத் திரும்பிப் பார்த்தார்.

“ஒரு காலி வரி இருந்துச்சு” என்றார் அவர்.

“என்னப்பா?”

“பட்டியல்ல. கடைசில. கவனிக்கல.”

“கிரெப்பா?”

“ம்.”

“காலி வரி இருந்தா எல்லாத்தையும் தள்ளிடும்ப்பா.”

“தெரியும். தெரிஞ்சும் விட்டுட்டேன்.”

“எதுக்கு பட்டியல்?”

அவர் கைப்பேசியைக் காது மாற்றினார். “பஸ்சு நாளைக்குப் போனா ஆகாதா?”

“டிக்கெட் எடுத்தாச்சுப்பா. காலைல வந்து நிக்கிறேன்னு அங்கயும் சொல்லிட்டேன்.”

“எந்த ஸ்டாண்டு?”

“பழைய ஸ்டாண்டு. வேணாம்ப்பா, இந்த நேரத்துல ஒரே நெரிசலா இருக்கும்.”

“நெரிசல் இருந்தா இருக்கட்டும்” என்று சொல்லி அவர் கைப்பேசியை வைத்தார். வண்டிச் சாவி சட்டைப் பையிலேயே இருக்க, மேசையெல்லாம் தேடினார். அவள் அடுக்களைக்குப் போய் மீந்த சோற்றைப் பார்த்தாள். கொடுத்தனுப்புகிற மாதிரி ஒன்றும் இல்லை. வெறுங்கையோடு வந்து செருப்பை மாட்டினாள்.

“கம்ப்யூட்டர ஆஃப் பண்ணலயே” என்றாள் வாசலில்.

“ஓடட்டும்” என்றார் அவர், வண்டியை உதைத்துக்கொண்டே.