மாதேவியிடம் நான் சொல்லாமல் விட்டது

என் ஓரகத்தி மாதேவியின் பார்வையைக் கெடுத்தவள் நான்.

மாத்திரையால் வந்த கேடு என்று சேலத்து மருத்துவர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவளுடைய கவனக்குறைவு என்று எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். அந்த இரண்டையும் தள்ளி வையுங்கள். நான்தான்.

இப்போதே சொல்லிவிடுகிறேன், உங்கள் இரக்கம் எனக்கு வேண்டாம். பாதி படித்ததும் 'பாவம், இவளும் மனுஷிதானே' என்று உச்சுக் கொட்டுவீர்கள் பாருங்கள், அதைக் கண்டாலே எனக்கு எரிகிறது. படிப்பதானால் பேசாமல் படியுங்கள்.

மாதேவி என் கொழுந்தனின் மனைவி. அஞ்செட்டிக்கு அந்தப் பக்கம் கன்னடம் பேசுகிற குடும்பத்திலிருந்து வந்தவள். தமிழைத் தட்டுத்தடுமாறிப் பேசுவாள், படிக்கத் தெரியாது. ஏரியூருக்குப் பக்கத்தில் எங்களுக்கு மல்பெரித் தோட்டமும் பட்டுப்புழு வளர்க்கும் மனையும் உண்டு. அந்த மனையைப் பன்னிரண்டு வருடம் தனியாளாய் நடத்தியவள் நான். இவள் வந்த வருடம் புழு நன்றாக வந்தது, கூடும் கெட்டியாக இருந்தது. உடனே என் கணவர் உட்பட எல்லோரும் அவளைக் கைராசிக்காரி என்றார்கள்.

கைராசி! அதுவரை இருந்த என் கை என்ன, விறகுக்கட்டையா?

அந்தக் கைராசிக்காரிக்கு முப்பத்தொரு வயதில் முடக்குவாதம் வந்தது. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்கியே கிடக்கும். தம்ளரைக்கூட இரண்டு உள்ளங்கைகளால் அணைத்துத்தான் தூக்குவாள். எனக்கு வருத்தமாக இருந்ததா? இருந்தது... கூடவே ஒரு சந்தோஷமும் இருந்தது. அதற்கு வேறு பெயர் தேடித் தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை.

முதலில் கொடுத்த மருந்துகள் அவள் கல்லீரலுக்கு ஒத்துவரவில்லை. தருமபுரியில் ஒரு மருத்துவர் ஆன்டிபயாடிக் மாத்திரை எழுதினார். கிருமிக்குக் கொடுப்பதுதான், சிலருக்கு இந்த வாதத்தையும் தணிக்கும், மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும் என்றார். கொழுந்தன் தொப்பூர்க் கணவாய் வழியே லாரி ஓட்டிக்கொண்டு போனால் வீடு திரும்பப் பத்து நாளாகும். அதனால் அவளோடு போவது எப்போதும் நான்தான். நான் பன்னிரண்டாவது படித்தவள், இரண்டு மொழியும் தெரிந்தவள். மருத்துவர் அவளைச் சோதித்து வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் பேசுவார்.

அன்று அவர் சொன்னது ஒரு சொல் விடாமல் என் நினைவில் இருக்கிறது. "தலைவலி விடாம வந்தாலோ, பார்வை மங்குனாலோ, ரெண்டாத் தெரிஞ்சாலோ, மாத்திரைய அன்னிக்கே நிறுத்திட்டு இங்க வந்துடணும்மா. அவங்களுக்குப் புரியற மாதிரி எடுத்துச் சொல்லுங்க."

பேருந்து நிலையத்தில் அவள் கேட்டாள், "டாக்டரு இன்னா சொன்னாருக்கா?"

"விடாம சாப்புடச் சொன்னாரு. ஒரு வேளகூட விடக்கூடாதாம்."

அவ்வளவுதான் சொன்னேன். ஏன்? அவள் பயந்த சுபாவம், சொன்னால் முதல் தலைவலிக்கே மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடுவாள் என்று நினைத்தேன்... இப்படித்தான் எனக்கு நானே சொல்லிவந்தேன். பொய்! அவளிடம் நான்கு வார்த்தை கூடுதலாகப் பேச எனக்கு அலுப்பாக இருந்தது. அவ்வளவு அற்பமான காரணம்தான். பெரிய பாவத்துக்குப் பெரிய காரணம் இருக்கும் என்று நம்புகிறவராக இருந்தால் ஏமாந்து போங்கள்.

மாத்திரை வேலை செய்தது. இரண்டே மாதத்தில் விரல்கள் விரிந்தன. அவள் மறுபடி தழை வெட்டினாள், புழுவுக்குப் பரப்பினாள். எனக்கும் பாரம் குறைந்தது.

அடுத்து வந்த புழுக்கள் நான்காவது தோலை உரித்து முடித்த சமயம். அந்தக் கடைசி ஏழெட்டு நாள் புழு தின்கிற தீனிக்கு அளவே கிடையாது. வெளியாளைக் கூலிக்குக் கூப்பிடவும் முடியாது. வேறு மனையில் வேலை செய்தவர்கள் நோயைக் கொண்டுவந்து ஒட்டிவிடுவார்கள் என்று யாரையும் உள்ளே விடமாட்டோம். நானும் அவளும்தான் எல்லாம் செய்ய வேண்டும்.

அப்போதுதான் அவளுக்குத் தலைவலி ஆரம்பித்தது. எழும்போதே வலிக்கிறது என்றாள். குனிந்தால் கண் இருட்டுகிறது என்றாள். காதுக்குள் மோட்டார் ஓடுகிற மாதிரி சத்தம் கேட்கிறது என்றாள். தைலம் பூசிக்கொண்டு மனை வாசலுக்கு வந்தவளைத் திருப்பி அனுப்பினேன். தைல வாசம் புழுவுக்கு ஆகாது, முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வா என்றேன். கழுவிவிட்டு வந்து தழை போட்டாள்.

எனக்குத் தெரியாமலா இருந்தது? மருத்துவர் சொன்னதும் இவள் சொல்வதும் ஒன்றுதான் என்று முதல் நாளே மண்டையில் உறைத்தது. மாத்திரையை நிறுத்தினால் விரல் மடங்கிவிடும். விரல் மடங்கினால் தழை யார் போடுவது? நாலு நாள்தானே, புழு கூடு கட்டட்டும், அப்புறம் கூட்டிப்போகலாம்... இப்படிக் கணக்குப் போட்டேன். நடிக்கிறாள் என்றும் நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டால் வசதியாக இருந்தது.

மூன்றாம் நாள், பழுத்த புழுக்களைப் பொறுக்கிக் கூடு கட்டும் தட்டில் விட்டுக்கொண்டிருந்தோம். அவள் விட்ட புழு தட்டுக்கு வெளியே தரையில் விழுந்தது. இன்னொன்றும் விழுந்தது. வலி அதிகமானால் அவளுக்குக் கன்னடம்தான் வரும்.

"அக்கா, எல்லா எரடெரடு காணுது."

எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறதாம். கீழே கிடந்த புழுவைக் குனிந்து எடுத்துக்கொண்டே, "தூக்கம் பத்தாது, அதான்" என்றேன். மறுநாள் காலை மாத்திரையைப் பிரித்து நானே அவள் கையில் வைத்தேன். இதை மறைக்காமல் எழுதுகிறேன். தெரிந்தே வைத்தேன்!

கூடு எடுத்த அன்று அவள் வாசற்கதவில் முட்டிக்கொண்டு விழுந்தாள். கொழுந்தன் லாரியை வழியில் விட்டுவிட்டு ஓடிவந்தான். சேலத்துக்குத் தூக்கிக்கொண்டு போனோம். முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்தார்கள். மூளையைச் சுற்றியுள்ள நீரின் அழுத்தம் ஏறி, கண் நரம்பு வீங்கிவிட்டது, இந்த மாத்திரைக்கு அபூர்வமாக இப்படி ஆகும் என்றார்கள். நான்கு நாள் முன்னால் வந்திருந்தால் பெரும்பாலும் காப்பாற்றியிருக்கலாம் என்றார் அங்கிருந்த மருத்துவர். பிறகு எங்கள் மூவரையும் பார்த்துக் கேட்டார், "தலைவலி வந்தா நிறுத்தணும்னு யாருமே சொல்லலையா?"

இதோ, அந்த இடத்திலாவது வாயைத் திறந்திருக்கலாம். திறந்தேன்.

"சொன்னாங்க மேடம். நானும் வூட்டுல சொன்னேன். இவதான் கேக்கல."

கொழுந்தன் அவளைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். "அண்ணி சொல்லியும் கேக்கலன்னா உனக்கு அப்படி என்ன திமிரு" என்றான். அவள் என் பக்கம் முகத்தைத் திருப்பி என்னைத் தேடினாள். நான் தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று வெளியே போய்விட்டேன்.

இரண்டு வருடமாகிறது. ஒரு குழாய் வழியாகப் பார்க்கிற அளவுக்கு நேராக மட்டும் அவளுக்குக் கொஞ்சம் தெரிகிறது. அந்த மாத்திரையை நிறுத்தியதும் விரல்கள் பழையபடி மடங்கிவிட்டன. கொழுந்தன் இப்போது வீட்டுக்கு வருவதே குறைவு. வந்தாலும் சொன்ன பேச்சைக் கேட்காதவள் என்றுதான் அவளைப் பேசுகிறான். நான் குழம்பு கொதிக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

ஏன் இன்னும் சொல்லவில்லை என்று கேட்கிறீர்களா? நீங்கள் சொல்லியிருப்பீர்களோ? உங்கள் வீட்டில் நீங்கள் விழுங்கியதை முதலில் கக்கிவிட்டு வந்து என்னைக் கேளுங்கள்!

அவளுக்குத் தலைவாரிவிடுவது நான்தான். நான்கு மாதம் முன்னால் ஒருநாள் பின்னல் போட்டுக்கொண்டிருந்தபோது மெதுவாகச் சொன்னாள், "மாத்திரைய நிறுத்தணும்னு நீ சொன்னத எவ்வளோ யோசிச்சாலும் நெனப்புக்கே வரலக்கா. என் தலையும் கெட்டுப்போச்சு போல. டாக்டருகிட்ட அதையும் சொல்லு."

பின்னலை முடித்து ரப்பர் மாட்டினேன். சொல்கிறேன் என்றேன்.

சேலத்துக்குப் போனபோது சொன்னேன். அவளுக்கு ஞாபகமறதி இருப்பதாக, நானே, என் வாயால் மருத்துவரிடம் சொன்னேன். அவர் ஒரு சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். தினமும் காலையில் ஒன்று. அவள் விரலால் அட்டையைப் பிரிக்க முடியாது, அதனால் நான்தான் பிரித்துக் கொடுக்கிறேன். நன்றி சொல்லிவிட்டு விழுங்குகிறாள்.

இன்று காலையும் கொடுத்தேன்.