அக்காவின் விரல்களுக்குத் தெரிந்தது

குழந்தையைத் தொடுவதற்கு முன் அக்கா தன் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டாள். இரும்புலியூர் வீட்டின் முன்னறைக் கட்டிலில், ஒன்றரை மாதமே ஆன என் மகள், சுற்றிய துணியெல்லாம் அவிழ்த்த நிலையில் படுத்திருந்தாள். அக்கா அவளுடைய முழங்கால்களை மடக்கி, தொடைகளை இரண்டு கைகளிலும் பிடித்து, மெல்ல இருபுறமும் விரித்தாள். வலது தொடை மெத்தையைத் தொட்டது. இடது தொடை பாதி வழியில் நின்றது. நடுவிரலைப் பின்பக்கம் கொடுத்து லேசாகத் தூக்கினாள். உள்ளே ஏதோ நழுவி அதனிடத்தில் விழுந்ததை அக்காவின் முகத்தைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொண்டேன். குழந்தைக்கு வலியே இல்லை. மின்விசிறியைப் பார்த்துக் கைகளை ஆட்டிக்கொண்டிருந்தது.

அந்த நழுவல் என்னவென்று அக்காவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவளும் அப்படிப் பிறந்தவள்தான். அவள் நடக்கத் தொடங்கி, தாங்கித் தாங்கி நடக்கிறாளே என்று அப்பா தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது காலம் கடந்திருந்தது. அறுவை சிகிச்சை செய்து, மார்பிலிருந்து கணுக்கால்வரை மாவுக்கட்டுப் போட்டார்கள். கட்டைப் பிரித்த பிறகும் இடது இடுப்பு முழுதாகச் சேரவில்லை. அந்தக் காலை ஊன்றும்போதெல்லாம் அவள் உடம்பு இடப்பக்கம் சாயும். பள்ளிக்கூடத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. வீட்டில் அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. படித்துப் பிசியோதெரபிஸ்ட் ஆனாள். மேடவாக்கத்தில் ஒரு கிளினிக்கில், நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து முதுகைக் கெடுத்துக்கொண்ட கம்ப்யூட்டர் ஆட்களை நிமிர வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஸ்கேன் எடுக்கணும். நாளைக்கே போகலாம்" என்றாள் அக்கா.

என் மனைவிக்குக் கூடுவாஞ்சேரி. பிரசவம் முடிந்து தாய்வீட்டிலிருந்து வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. "பொறந்தப்ப டாக்டர் பார்த்து நல்லா இருக்குன்னுதானே அண்ணி சொன்னாங்க?" என்றாள்.

"அப்போ நல்லாதான் இருந்திருக்கும். சில குழந்தைங்களுக்கு இது அப்புறமாத்தான் தெரியும்."

அம்மா குறுக்கே வந்தாள். வந்த நாளிலிருந்து குழந்தைக்கு எண்ணெய் தேய்த்து, கால்களை நீவி நேராக்கி, பழைய வேட்டியில் இறுக்கச் சுற்றித் தூங்கவைத்துக்கொண்டிருந்தவள் அவள். "கொழுகொழுன்னு இருக்கற குழந்தைக்கு என்ன குறை? உனக்கு எதைப் பார்த்தாலும் உன் காலேதான் தெரியுது."

அக்கா கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் குழந்தையின் இடது தொடையில் கை வைத்தபடியே சொன்னாள்: "ஆமாம்மா. அதனாலதான் தெரியுது."

என் மனைவி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குழந்தைக்குச் சட்டை மாட்டிவிட்டு, "காலையில எத்தனை மணிக்குக் கிளம்பணும் அண்ணி?" என்று கேட்டாள்.

ஸ்கேன் அக்கா சொன்னதையே சொன்னது. ஆட்டோவில் திரும்பும்போது அவள் தன் வலது கையை முஷ்டியாக்கி இடது உள்ளங்கையில் பொத்தி வைத்து எங்களுக்கு விளக்கினாள். தொடை எலும்பின் உச்சி ஒரு பந்து. இடுப்பெலும்பில் அதற்கொரு கிண்ணம். உட்கார, எழ, நடக்க, சம்மணம் போட, எல்லாவற்றுக்கும் அந்தப் பந்து அந்தக் கிண்ணத்துக்குள் சுழல வேண்டும். பச்சைக் குழந்தைக்கு அது இன்னும் குருத்தெலும்பு. பந்து உள்ளே இருந்து அழுத்தினால்தான் கிண்ணம் ஆழமாகும். வெளியே நின்றுவிட்டால் கிண்ணம் தட்டையாகவே வளர்ந்துவிடும். "இப்போ விட்டுட்டா கத்திதான். இப்போ பிடிச்சா வெறும் பெல்ட்டு" என்றாள்.

அந்த பெல்ட்டைப் பார்த்த அன்று நானும்தான் கலங்கினேன். தோள்களில் இரண்டு பட்டைகள், மார்பைச் சுற்றி ஒன்று, பாதங்களுக்கு உறைகள். கால்கள் தவளையின் கால்களைப்போல மடிந்து விரிந்தே இருக்க வேண்டும். குளிப்பாட்டக் கூடாது, துடைத்துத்தான் எடுக்க வேண்டும். முதல் சில நாட்கள் குழந்தை அழுதது, என் மனைவியும் அழுதாள். பார்க்க வந்தவர்கள் எல்லாம் என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று துளைத்தார்கள். அக்கா வேலை முடிந்ததும், மேடவாக்கத்து நெரிசலில் ஊர்ந்து வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு நேராகக் குழந்தையிடம்தான் போவாள். பட்டையின் இறுக்கம் பார்ப்பாள், முழங்கால் மடிப்பில் தோல் சிவந்திருக்கிறதா பார்ப்பாள், குழந்தை தானே காலை உதைக்கிறதா என்று பார்ப்பாள். அதற்குப் பிறகுதான் காபி. அவளுக்கே இடுப்பு வலி முற்றத் தொடங்கியிருந்த காலம் அது. கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பாள்.

ஒரு நாள் அம்மா குழந்தையை பெல்ட்டோடு தூக்கித் தன் இடுப்பில் கால் விரித்து உட்கார வைத்துக்கொண்டு, "இப்படித் தூக்கலாமாடி?" என்று அக்காவிடம் கேட்டாள்.

"இப்படித்தாம்மா தூக்கணும். இதைவிட நல்ல வைத்தியம் கிடையாது."

அம்மா குழந்தையை இறக்கவே இல்லை. வாசலுக்குப் போய், தெருவில் போனவர்கள் கேட்பதற்கு முன்பே, "எம்பொண்ணு கண்டுபிடிச்சா" என்று சொல்ல ஆரம்பித்தாள்.

மூன்று மாதம் கழித்து எடுத்த படத்தில் பந்து கிண்ணத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தது. டாக்டர் படத்தை விளக்குப் பலகையில் மாட்டி, "யாரு முதல்ல கவனிச்சது?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி சொன்னாள்: "எங்க அண்ணி." அக்கா அதைக் கேட்கவில்லை. அவள் அந்தப் படத்தின் அருகே போய், கிண்ணத்தின் வளைவை விரலால் மெதுவாகத் தடவிக்கொண்டிருந்தாள்.

சில வருடங்களுக்குப் பிறகு அக்காவின் தேய்ந்துபோன இடுப்பு மூட்டை எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டு பொருத்தினார்கள். இப்போது வலியில்லாமல் நடக்கிறாள். தரையில் மட்டும் உட்காரக் கூடாது. என் மகள் பள்ளியின் கோ-கோ அணியில் இருக்கிறாள். குந்தி உட்கார்ந்திருந்து, முதுகில் தட்டியதும் அம்புபோலப் பாய்கிறவளைப் பார்க்க அக்கா விடுப்பு எடுத்துக்கொண்டு வருவாள்.

சென்ற மாதம் ஆட்டம் முடிந்து, வியர்வை வழிய வந்து அக்காவின் நாற்காலிக் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு மகள் கேட்டாள்: "அத்தை, குழந்தையா இருக்கறப்ப எனக்குக் கால்ல ஏதோ ஆச்சாமே, பாட்டி சொன்னாங்க. என்ன ஆச்சு?"

அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தாள். அவ்வளவு பெருமையை அந்த முகத்தில் நான் கண்டதில்லை.

"உனக்கா? உனக்கு ஒண்ணுமே ஆகலையே" என்றாள்.