ஆடி மாதத்து ரோஜா வைத்தியம்

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஒரு பன்னீர் ரோஜாச் செடி சாகக் கிடந்தபோது, அதற்கு நான்தான் காரணம் என்று குடும்பமே கூடி முடிவு கட்டியது. அதை நான் அன்றும் ஒப்புக்கொள்ளவில்லை, இன்றும் ஒப்புக்கொள்வதாக இல்லை. நான் ஊற்றியது வெறும் தண்ணீர். மற்றவர்கள் என்னென்ன ஊற்றினார்கள் என்பதையும் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

அந்தச் செடி என் சின்ன அத்தையுடையது. அப்பாவின் தங்கை. காலேஜில் படிக்கும்போது வாங்கி, எங்கள் விளாங்குடி வீட்டு மாடியில் வைத்து, பிள்ளை மாதிரி வளர்த்தாள். ஆனி மாதம் கல்யாணமாகிச் சோழவந்தானுக்குப் புறப்பட்டபோது, கார் ஏறப் போனவள் திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆடிக்கு வாரேன். அப்ப இதுல குச்சி ஒடிச்சு அங்கிட்டுக் கொண்டுபோய் வைக்கணும். அதுவரைக்கும் நீதான் பாத்துக்கணும்" என்றாள். எனக்கு எட்டு வயது. அதுவரை என்னை நம்பி யாரும் ஒரு டம்ளரைக்கூடக் கொடுத்ததில்லை.

பார்த்துக்கொள்வது என்றால் தண்ணீர் ஊற்றுவது என்று நினைத்தேன். பள்ளிக்கூடம் போகுமுன் ஊற்றினேன், வந்ததும் ஊற்றினேன். மழை பெய்த அன்றும், இது பத்தாது என்று ஊற்றினேன். இலை மஞ்சளாகத் தொடங்கியதும் ஆளாளுக்கு வைத்தியம் ஆரம்பித்தார்கள். அம்மா மீன் கழுவிய தண்ணீரைக் கொட்டினாள். அப்பா டீ வடிகட்டிய தூளைச் சர்க்கரையோடு கொட்டினார். அடுத்த தெருவில் இருந்த பெரிய அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, மூட்டுவலியால் மாடி ஏற முடியாதவள். அவள் தொட்டியைக் கீழே இறக்கச் சொல்லி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கண்ணு பட்டுருச்சு" என்றாள். உப்பையும் மிளகாயையும் எடுத்துச் செடியைச் சுற்றினாள். சுற்றிய உப்பை எங்கே போடுவது என்று யோசித்து, கைக்கு எட்டிய இடம் என்பதால் அந்தத் தொட்டியிலேயே போட்டாள். இவ்வளவுக்குப் பிறகும் பழி என் தலையில்தான் விழுந்தது.

ஆடி பிறந்ததும் சின்ன அத்தை வந்தாள். பையைக்கூட வைக்காமல் மாடிக்கு ஓடினாள். அங்கே நாலைந்து குச்சியும் அவற்றில் ஒன்றிரண்டு பழுத்த இலையும் நின்றன. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். "இதுல எங்கிட்டுக் குச்சி ஒடிக்க" என்று சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. நான் ஓவென்று அழுதேன். எப்பாடு பட்டாவது இந்தச் செடியைப் பிழைக்கவைத்து, அத்தை கையில் குச்சியைக் கொடுத்துவிட வேண்டும் என்பதைத் தவிர அந்த மாதம் எனக்கு வேறு நினைப்பே கிடையாது.

ஆடியில் புதுப்பெண் பிறந்த வீட்டில் இருக்க வேண்டும், மாப்பிள்ளை ஆடி விருந்தைச் சாப்பிட்டுவிட்டுப் போனால் ஆவணியில்தான் திரும்பி வர வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். எதற்கு என்று பெரிய அத்தையிடம் கேட்டேன். "சித்திரை வெயில் தாங்காதுத்தா" என்றாள். ஆடியில் வந்து போகிறவருக்குச் சித்திரை வெயில் என்ன செய்யும் என்று எனக்கு விளங்கவில்லை. மறுபடி கேட்டதற்கு முதுகில் ஒன்று விழுந்தது.

சின்ன அத்தை போனில் செடியின் நிலைமையைச் சொல்ல, விருந்து சாப்பிட்டுப் போன மாமா அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பஸ் ஏறி வந்துவிட்டார். வாசலில் பெரிய அத்தை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன தம்பி, ஆடியில?"

"செடியப் பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன் மதினி."

அப்பா உடனே பரிந்துகொண்டு வந்தார். "கொடிக்கால்காரர் வீட்டுப் பிள்ளைக்கா. இலையப் பாத்தே நோயச் சொல்லிருவாரு." மாமாவின் அப்பாவுக்குச் சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது உண்மைதான். மாமா கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்ததும் உண்மைதான். பெரிய அத்தை யோசித்து, விளக்கு வைக்குமுன் கிளம்பிவிட வேண்டும் என்று உத்தரவு போட்டாள். என்னைக் கூப்பிட்டு, "நீ அவுகளோடயே இரு. ஒரு நிமிசம் நகரக் கூடாது" என்றாள். டாக்டருக்கு உதவியாக என்னைப் போட்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

மாடியில் மாமா செடியைச் சுற்றி வந்தார். பிறகு திரும்பி நின்று போனில் ஏதோ வீடியோ பார்த்தார். அப்புறம் தொட்டியைச் சாய்த்துச் செடியை மண்ணோடு வெளியே எடுத்தார். அடித்த நாற்றத்தில், கூட வந்திருந்த சின்ன அத்தை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். தண்ணீர் இறங்குகிற ஓட்டையை டீத்தூள் அடைத்திருந்தது. வேர் பாதிக்குமேல் கறுத்து அழுகிப்போயிருந்தது. அழுகியதை வெட்டி, மிச்சத்தை உப்புப் போக அலசி, செம்மண்ணும் மணலும் மக்கிய எருவும் கலந்து நட்டு, தண்ணீர்த் தொட்டி நிழலில் வைத்தார். "விரலை உள்ள விட்டுப் பாரு. காஞ்சிருந்தா மட்டும் ஊத்து" என்றார்.

"இப்பவே குச்சி ஒடிச்சுக் குடுங்களேன் மாமா" என்று கெஞ்சினேன்.

"காய்ச்சல்ல கிடக்குற ஆள்கிட்ட ரத்தம் எடுப்பாங்களா? மொதல்ல செடி தேறணும். நான் வாராவாரம் வந்து பாக்கணும்."

வாராவாரம் வந்தார். செடியை ஒரு தடவை பார்ப்பார், அத்தையைப் பல தடவை பார்ப்பார், என்னைக் கீழே அனுப்புவார். கத்தரிக்கோல் வேண்டும், சாம்பல் வேண்டும், வேப்பெண்ணெய் வேண்டும். நான் ஒரே ஓட்டமாகப் போய் மூச்சிரைக்க வந்து நிற்பேன். "அதுக்குள்ளயா?" என்பார் மாமா. பாராட்டுகிறார் என்று அடுத்த தடவை இன்னும் வேகமாக ஓடினேன். பிறகு எனக்கே ஒரு யோசனை வந்தது. மாமா வருமுன்பே எல்லாவற்றையும் ஒரு தாம்பாளத்தில் பரப்பி மாடியில் தயாராக வைத்தேன். மாமா அதையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "மணல் இல்லையே" என்றாள் அத்தை. பின்னால் வாளி நிறைய வைத்திருந்தேன்.

ஆடி முடிவதற்குள் ரோஜா சிவப்பாகத் துளிர்விட்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்பாவின் போனை எடுத்து மாமாவைக் கூப்பிட்டு, செடி தேறிவிட்டது, துளிர் முற்றும்வரை நானே பார்த்துக்கொள்கிறேன், இனி நீங்கள் வெயிலில் அலைய வேண்டாம் என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். அன்று சாயங்காலம் அத்தை என்னோடு முகம்கொடுத்துப் பேசவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது, மாடியில் இன்னொரு தொட்டியில் இருந்த செம்பருத்திக்கு மாவுப்பூச்சி வந்துவிட்டது. அத்தைதான் பார்த்தாள், அத்தைதான் போன் செய்தாள். நான் போய்ச் சோதித்தேன். இலையெல்லாம் வெள்ளை வெள்ளையாக இருந்தது. ஆனால் எதுவும் நகரவில்லை, பிசுபிசுப்பும் இல்லை. எறும்புகள் சந்தோஷமாகச் சுமந்துகொண்டு போயின. நாக்கில் வைத்துப் பார்த்தேன், அரிசி மாவு. ஈரத்துணியால் ஒவ்வோர் இலையாகத் துடைத்து முடித்தேன். மாமா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஓடிப் போய், "பூச்சி இல்ல மாமா, கோலமாவு. சுத்தமாத் தொடச்சுட்டேன்" என்றேன்.

பெரிய அத்தை மெதுவாகத் திரும்பிச் சின்ன அத்தையைப் பார்த்தாள். சின்ன அத்தை மின்விசிறியைப் பார்த்தாள். மாமா கழற்றிய செருப்பில் மறுபடி ஒரு காலை விட்டார். அடுப்படியில் அம்மா எதையோ கீழே போட்டாள்.

"சரி, வந்தது வந்துட்டீக" என்றாள் பெரிய அத்தை. "மேல போயி மத்த தொட்டியவும் பாத்துட்டு வாங்க." பின்னாலேயே தாம்பாளத்தோடு கிளம்பிய என்னைக் கையைப் பிடித்து இழுத்தாள். "நீ எங்கிட்டுப் போற? உக்காந்து எனக்குக் காலப் பிடிச்சு விடு." நோயைக் கண்டுபிடித்தவளைக் கீழே உட்காரவைத்துவிட்டு, கோலமாவுக்கும் பூச்சிக்கும் வித்தியாசம் தெரியாதவர்களை மேலே அனுப்புகிறார்களே என்று எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. விளக்கு வைத்தும் அவர்கள் இறங்கி வரவில்லை. பெரிய அத்தை அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

ஆவணியில் மாமா காரோடு வந்தார். பென்சில் கனத்துக்கு முற்றிய குச்சிகளாகப் பார்த்து, கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டி, கற்றாழைச் சோற்றில் முக்கி, மண் நிரப்பிய பிளாஸ்டிக் கப்புகளில் நட்டோம். அத்தை அவற்றை மடியில் வைத்துக்கொண்டு, கார் தெரு திரும்பும்வரை கை காட்டிக்கொண்டே போனாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. என் செடியால் வந்த சிரிப்பு என்று எனக்கு நெஞ்செல்லாம் நிறைந்துவிட்டது.

ஐப்பசி மழையெல்லாம் ஓய்ந்த பிறகு, அதே செம்பருத்திக்கு நிஜமாகவே மாவுப்பூச்சி வந்தது. பிசுபிசுவென்று, நசுக்கினால் நீர் வரும் அசல் பூச்சி. உடனே மாமாவுக்குப் போன் போட்டேன். குச்சியெல்லாம் வேர் பிடித்துவிட்டது, ஒன்றில் மொட்டுகூட வந்திருக்கிறது என்று சந்தோஷமாகச் சொன்னார். அதை அப்புறம் பேசலாம், எப்போது வருகிறீர்கள் என்று கேட்டேன்.

"சோப்புத் தண்ணி அடிம்மா, போயிரும்."

"நீங்க வரலையா?"

"அதுக்கெதுக்கும்மா நான்? இங்க வேலை கிடக்கு."

"கோலமாவுக்கு ரெண்டு பஸ் மாறி வந்தீகளே மாமா, இது நெசப் பூச்சி" என்றேன். அந்தப் பக்கம் மாமா சிரித்தார். அவருக்குப் பக்கத்திலேயே அத்தையும் சிரிக்கிற சத்தம் கேட்டது. சாகக் கிடந்த செடிக்காக அன்று குரல் உடைந்து நின்ற அத்தையா இப்படிச் சிரிக்கிறாள் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. போனை வைத்துவிட்டு அம்மாவிடம் போய் முறையிட்டேன். அவளும் சிரித்தாள்.

சோப்பைக் கரைத்து எடுத்துக்கொண்டு தனியாக மாடி ஏறினேன். சோழவந்தான்காரர்களுக்கு ஆடி மாதத்தில் மட்டும்தான் செடிமேல் பாசம் வரும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே, ஒவ்வோர் இலையாகக் கழுவினேன்.