சிவப்பு உமி

எங்கள் ஊர் கிகிந்தாவைச் சுற்றிலும் கோதுமை வயல்கள்தாம். அந்த வருடம் வயலெலி பெருகிவிட்டது. எல்லோரும் சிவப்புச் சாயம் ஏற்றிய விஷக் கோதுமை வாங்கினார்கள். அதை ஒவ்வொரு எலி வளைக்குள்ளும் போட்டு மண்ணால் மூட வேண்டும். விவசாயி ஜார்கோ இரண்டு நாள் குனிந்து குனிந்து போட்டுப் பார்த்தான். பிறகு டிராக்டரில் உட்கார்ந்தபடியே வயலெங்கும் கையால் வீசிவிட்டான்.

குளிர் தொடங்கியதும் ஆந்தைகள் வழக்கம்போல ஊர்ச் சதுக்கத்து மரங்களுக்கு வந்து சேர்ந்தன. பகலில் அங்கே தூங்கும். இருட்டினால் வயல்களுக்குப் போகும். பள்ளியில் வீட்டுப்பாடம் கொடுத்தார்கள். ஆந்தை செரிக்காமல் கக்கிய மயிர், எலும்பு உருண்டைகளைக் குடும்பத்தோடு பொறுக்கி, பிரித்து, உள்ளே இருப்பதை அட்டையில் ஒட்டிக் கொண்டுவர வேண்டும்.

மகள் தூன்யாவின் பாடத்துக்கு ஜார்கோ உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. உருண்டையை ஊறவைக்க சூப் தட்டை எடுத்ததற்கு மனைவி ரதோய்கா முணுமுணுத்தாள். ஆனாலும் புருவம் திருத்தும் இடுக்கியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அவளும் உட்கார்ந்தாள். வெந்நீரில் உருண்டை பிரிந்தது. சாம்பல் மயிர், ஒரு தாடை, ஊசிபோல விலா எலும்புகள். எல்லாம் எலியா என்று ஜார்கோ வியந்தான். ஓர் ஆந்தை குளிர்காலம் முழுக்க எத்தனை தின்னும் என்று தூன்யா சொன்னபோது, இதைச் சம்பளத்துக்கே வைத்துக்கொள்ளலாம் என்றான். மூவரும் சிரித்தார்கள்.

அப்போதுதான் மயிருக்குள்ளிருந்து அது வந்தது. கோதுமை உமி. சிவப்பு.

"இது என்னப்பா?"

ரதோய்கா அவனைப் பார்த்தாள். அவன் கையுறையிலிருந்து அந்தச் சிவப்பைத் தேய்த்துத் துவைத்தவள் அவள். எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

"ஏதோ பழத்தோல்," என்றான் ஜார்கோ.

தூன்யா அதை ஒட்டி, கீழே 'பழத்தோல்' என்று எழுதினாள்.

ஊரார் பார்ப்பதற்காக அட்டைகளைப் பள்ளி மண்டபத்தில் மாட்டியிருந்தார்கள். அட்டைக்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டும் என்று தூன்யா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். வந்தவர்களில் பாதிப்பேர் விவசாயிகள். உமியைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டு அடுத்த அட்டைக்கு நகர்ந்தார்கள். பக்கத்து வயல்காரன் ஸ்தேவா மட்டும் நின்றான்.

"நல்ல பழம், ஜார்கோ. என் வயல்லயும் இதேதான் காய்ச்சுத் தொங்குது."

பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள்.

"என்ன மரம், மாமா?" என்று தூன்யா கேட்டாள்.

சிரிப்பு நின்றுவிட்டது. ஸ்தேவா தொப்பியைச் சரிசெய்துகொண்டான். அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பாவுக்குத் தெரியும் என்ற நம்பிக்கையோடுதான் பார்த்தாள். ஜார்கோவின் முகம் காதுவரை சிவந்தது.

"பழம் இல்லம்மா," என்றான் மெதுவாக. "எலி மருந்து. நான் போட்டது."

"அப்ப இதைத் தின்ன ஆந்தை?"

"தெரியல."

"அன்னிக்கே தெரியுமா, பழம் இல்லைன்னு?"

அவன் ஆமென்று தலையாட்டினான்.

தூன்யா பிடித்திருந்த கையை விட்டாள். அழவில்லை. பையிலிருந்து பென்சிலை எடுத்து அவனிடம் நீட்டினாள். அட்டை பிள்ளைகள் உயரத்தில் இருந்தது. எழுத அவன் மண்டியிட வேண்டியிருந்தது. பின்னால் ஊரே நின்றுகொண்டிருந்தது. 'பழத்தோல்' என்பதை அடித்துவிட்டு 'எலி மருந்து' என்று எழுதி எழப்போனான்.

"யார் வயல்னும் எழுதுங்கப்பா," என்றாள்.

அவன் மறுபடி குனிந்தான்.