கப்பலேறப் போகும் காருக்குப் பூசை

கனடாவில், றிச்மண்ட் ஹில் கோயிலின் கார் நிறுத்துமிடத்தில் நிற்கிறோம். அத்தான் வேலை மாறி, அக்காவோடு ஜெர்மனிக்கு வருகிறார். கூட இருந்து உதவ நான் அங்கிருந்து வந்திருக்கிறேன். அவருடைய அமெரிக்கக் காரை நாளை கொள்கலனில் ஏற்றுகிறார்கள். வேக வரம்பில்லாத எங்கள் ஜெர்மன் வேகச் சாலையில் பறப்பதற்காகப் புது பிரேக், புது எண்ணெய் எல்லாம் போட்டாயிற்று. மிச்சம் இந்தப் பூசைதான்.

ஐயர் கற்பூரத் தட்டோடு காத்திருக்கிறார். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கக் குனிகிறேன். டயரின் பக்கச் சுவரில், அளவு எண்களுக்குப் பின்னால், எவ்வளவு வேகம் தாங்கும் என்று காட்டும் எழுத்து T என்று இருக்கிறது. அத்தானை நான் ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை.

"அத்தான், இந்த டயர் நூற்றித்தொண்ணூறு கிலோமீற்றர் வேகத்துக்கு மேல தாங்காது."

"நான் இருநூற்றிருபதில விடப்போறன். அஞ்சாம் வகுப்போட நிண்டனி, உனக்கு ஆரடா சொன்னது?" என்று சிரிக்கிறார் அத்தான்.

"அங்க கார் சோதிக்கிற இடத்தில. உந்த எழுத்துக்காக என்ர காரை ரெண்டு தரம் திருப்பி விட்டவங்கள். பக்கத்து சீற்றில அக்காவெல்லோ இருப்பா, அத்தான்."

அத்தானின் சிரிப்பு நிற்கிறது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தி, நான்கு டயர்களையும் பார்க்கிறார். பிறகு டயர் கடைக்குப் போன் எடுத்து, "இண்டைக்கே நாலும் மாத்த வேணும்" என்கிறார். மறுமுனையில் ஏதோ கேட்க, போனை என்னிடம் நீட்டுகிறார்.

"எந்த எழுத்து எண்டு கேக்கிறாங்கள். நீயே சொல்லு."

தொண்டையைச் செருமிக்கொண்டு, "V. இருநூற்றிநாற்பது வரைக்கும் தாங்கும்" என்கிறேன், கொஞ்சம் சத்தமாகவே.